ஆமணக்கின் மேற்றோலும் சாம்பல் பூசண நோயும்

மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற எண்ணெய் வித்துப் பயிர்களுள் ஆமணக்கு ஒரு வன்மையான பயிர் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. வறட்சியைத் தாங்கும், கல்லும் சரளையும் கலந்த செம்மண்ணிலும் வேரோடும், ஆடு மாடுகள் அதன் இலையை எளிதில் தீண்டா. சேலம், நாமக்கல், தர்மபுரி, பெரம்பலூர் முதலிய ஜில்லாக்களில் தனிப் பயிராகவும், நிலக்கடலையுடன் ஊடுபயிராகவும் இது நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகின்றது. இத்தகைய வன்மையான பயிரும் ஒரு சமயத்தில் மிக மென்மையானதாய் விடுகின்றது. குலை தள்ளிக் காய் பிடிக்கும் பருவத்தில் நான்கைந்து நாள் விடாமல் தூறி, வானம் மூடிக் காற்று ஈரமாய் நிற்குமாயின், அதுகாறும் செழித்து நின்ற குலைகள் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தாற்போல மூடி அழுகிப் போகின்றன. மூன்று மாத உழைப்பும் உரச் செலவும் ஒரு வாரத்தில் வீணாகின்றன.

இது மழையின் குற்றமென்றே பலரும் கருதி வாளாவிருந்து விடுகின்றனர். ஆனால் நோய் கண்ட கொல்லையைச் சற்றுப் பொறுமையுடன் சுற்றிப் பார்ப்பவர்க்கு வேறோர் உண்மை புலனாகும். ஒரே மழையில், ஒரே வரிசையில், அடுத்தடுத்து நின்ற இரு செடிகளில் ஒன்றின் குலை முற்றும் அழுகியிருக்க, மற்றொன்றில் சில காய்களே கெட்டிருக்கும். இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களிற் பெரும்பாலன செடியின் மேற்றோலிலும் குலையின் அமைப்பிலும் அமைந்திருக்கின்றன. அவற்றைக் கண்ணாற் காணலாம்; விரலாற் தொட்டறியலாம். அவற்றை அறிந்து விதையைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறென்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

நோயின் வரலாறு

இந்நோயை ஆங்கில நாட்டார் சாம்பல் பூசணம் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். இதனை உண்டாக்குவது ஆம்போபோட்ரிஸ் ரிசினி என்னும் பூஞ்சாணம். 1918-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தத்தின்போது, ஆகாய விமானங்களின் இயந்திரங்களுக்கு மசகெண்ணெயாக ஆமணக்கெண்ணெய் மிகுதியாக வேண்டியிருந்தது. அதன் பொருட்டு அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் ஆமணக்கு விரிவாகப் பயிரிடப்பட்டது. மழையும் வெப்பமும் கூடிய அப்பிரதேசத்தில் இப்பூஞ்சாணம் தோன்றிப் பயிருக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. அதனை ஆராய்ந்த காட்ஃப்ரே என்னும் விஞ்ஞானி 1919-ஆம் ஆண்டில் அதன் இயல்பை விவரித்தார். 1923-ஆம் ஆண்டில் விரிவான அறிக்கையொன்றும் வெளியிட்டார்.

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்து மானாவாரி ஆமணக்குப் பகுதிகளில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. அதுமுதல் தென்னாட்டில் ஆமணக்குப் பயிரின் முதன்மையான பகைகளுள் ஒன்றாக இது எண்ணப்பட்டு வருகின்றது. காய் பிடிக்கும் காலமும் புயற்சின்னத்தால் பெய்யும் அடைமழையும் ஒன்று கூடும் இடங்களிலெல்லாம் இதன் அச்சம் உண்டு. வடகிழக்குப் பருவ மழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு ஜில்லாக்களுக்கு இது நன்கு பொருந்தும்.

நோயின் குறிகள்

முதலில் பூக்களின்மேலும் இளங்காய்களின்மேலும் கருநீல நிறச் சிறு புள்ளிகள் காணப்படும். அவற்றினின்று சில சமயம் மஞ்சள் நிறத் துளிகள் கசியும். பின்னர் மெல்லிய நூல்கள் போன்ற பூஞ்சாண இழைகள் ஒரு காயினின்று அடுத்த காய்க்குத் தாவும். நாளடைவில் குலை முழுவதும் வெண்மையாகத் தொடங்கி, சாம்பல் கலந்த பசுமஞ்சள் நிறமடைந்து, பஞ்சு போர்த்தாற்போல் ஆகிவிடும். அந்நிலையில் குலையைத் தட்டினால் புகைபோற் பறப்பவை அதன் வித்துக்களே. காற்றும் மழைத்துளியும் பூச்சிகளும் அவற்றை அண்டைச் செடிகளுக்குக் கொண்டு செல்கின்றன.

இளங்காய்கள் அழுகி உதிரும். சற்று முற்றிய காய்கள் செடியிலே நின்றாலும் அவற்றினுள் இருக்கும் விதை பதராகும், எடை குறையும், எண்ணெயும் குறையும். நோய் கண்ட குலைகளிற் கறுத்த கட்டிகள் உண்டாகி, நிலத்தில் விழுந்து, மறு பருவம் வரையில் உயிரோடு கிடக்கும். இவையும், அழுகிய குலைச் சருகுகளும், வேலியோரங்களிற் தானாக முளைத்த ஆமணக்குச் செடிகளுமே அடுத்த ஆண்டின் நோய்க்கு வித்தாகின்றன.

வித்து முளைக்க வேண்டுவன

பூஞ்சாணத்தின் வித்து காயின்மேல் வந்து விழுந்தவுடனே தீங்கு விளைந்துவிடுவதில்லை. நெல் முளைக்க ஈரம் வேண்டுமாறுபோல இவ்வித்து முளைக்கவும் ஈரம் வேண்டும். காயின் தோலின்மேல் நீர் பல மணி நேரம் உலராமல் நிற்றல் வேண்டும். வெப்பம் ஏறக்குறைய 25 பாகை செண்டிகிரேடு அளவில் மிதமாயிருத்தல் வேண்டும். முளைத்த இழைக்குத் தொடக்கத்திற் சிறிது உணவு கிடைக்குமாயின் அது மேலும் விரைந்து தோலுக்குட் புகும். ஈரம் வித்து முளைக்குமுன் உலர்ந்துவிடுமாயின் நோய் பற்றாது.

ஆகவே காயின்மேல் நீர் எவ்வளவு நேரம் நிற்கின்றது, அங்கே பூஞ்சாணத்திற்கு உணவாகக்கூடியது யாது என்னும் இரண்டு கேள்விகளே இங்கு முக்கியமானவை. வானத்தை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் மழை விட்டபின் குலை விரைவில் உலருமா, உலராதா என்பது பெரும்பாலும் நாம் விதைத்த விதையையும் நட்ட இடைவெளியையும் பொறுத்ததாகும்.

தண்டின்மேலுள்ள வெண்பூச்சு

ஆமணக்குச் செடியின் தண்டின்மேல் மாவு தூவியதுபோல வெண்மையான பூச்சொன்று இருப்பதைக் காணலாம். கட்டைவிரலால் துடைத்தால் அது நீங்கிக் கீழே பச்சையோ சிவப்போ ஆன தண்டு பளபளக்கும். இது செடி தானே சுரக்கும் மெழுகு. சில குடியானவர்கள் இதனைச் சாம்பல் நோயென்று மயங்குவதுண்டு. நோயாயின் திட்டுத் திட்டாய் இருக்கும். அவ்விடத்தில் இலை மஞ்சளிக்கும். மெழுகுப் பூச்சோ தண்டு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். செடிக்குத் தீங்கு செய்யாது.

இப்பூச்சைக் கொண்டு ஆமணக்கு வகைகளை நான்காகப் பிரிப்பர். பூச்சே இல்லாதவை ஒரு வகை. தண்டிலும் இலைக்காம்பிலும் பூச்சுடையவை இரண்டாம் வகை; இவற்றை ஒற்றைப் பூச்சு வகை என்பர். அவற்றோடு இலையின் அடிப்புறத்திலும் பூச்சுடையவை இரட்டைப் பூச்சு வகை. இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டிலும் பூச்சுடையவை மூன்று பூச்சு வகை. சாம்பல் பூசண நோய் முதன்மையாகக் காயைத் தாக்குவதாகலின், காயின்மேலும் குலைத்தண்டின்மேலும் பூச்சு உண்டா என்பதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெழுகின்மேல் நீர் பரவுவதில்லை. தாமரை இலையின்மேல் நீர் உருண்டோடுவது போலவே பூச்சுள்ள தோலினின்றும் மழைத்துளி திரண்டு வழிந்து விடுகின்றது; அத்துடன் அதிலுள்ள பூஞ்சாண வித்துக்களும் வழிந்து விழுகின்றன. பூச்சில்லாத தோலின்மேலோ நீர் மெல்லிய படலமாகப் பரவி நெடுநேரம் நிற்கின்றது.

மெழுகின் காவலுக்கு மற்றோர் எண்ணெய் வித்துப் பயிரிலும் சான்று உண்டு. கனடா தேசத்தில் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த டெவாரி, ஸ்கோரோபாட் என்னும் இருவர் 1976-ஆம் ஆண்டில், எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கடுகின வகைகளிற் காணும் கரும்புள்ளி நோயை இலையின் மெழுகுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மெழுகு மிகுந்த வகையில் நோய் குறைந்தும், மெழுகு குறைந்த வகையில் நோய் மிகுந்தும் இருந்தன. மெழுகை நீக்கியபோது இலையின் காப்பும் குறைந்தது. செடியின் உட்கூற்றில் யாதொரு மாறுதலும் செய்யாமல், மேற்பூச்சை மட்டும் நீக்கியதால் நேர்ந்த விளைவு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காயின்மேலுள்ள முள்

ஆமணக்குக் காய்களிற் சில மென்மையான முட்கள் அடர்ந்தவை. சில அங்குமிங்கும் ஓரிரு முட்களுடையவை. சில முள்ளே இல்லாமல் வழுவழுப்பாயிருப்பவை. முள்ளடர்ந்த காயை மழை விட்ட அரைமணி கழித்துக் கையிலெடுத்து நோக்குக. முட்களினிடையே நீர் தேங்கி நிற்பதைக் காணலாம். குலையை உதறினாலும் அந்நீர் முழுதும் விழுவதில்லை. அதே நேரத்தில் முள்ளில்லாக் காயின் தோல் பெரும்பாலும் உலர்ந்திருக்கும்.

முள்ளால் வரும் கேடு இதனோடு நிற்பதில்லை. ஆமணக்குக் குலையில் மேற்பகுதியிற் பெண்பூக்களும் கீழ்ப்பகுதியில் ஆண்பூக்களும் அமைந்திருப்பது வழக்கம். முதற்குலை காய்த்து நிற்கும்போது, பக்கக் கிளைகள் அதற்கு மேல் வளர்ந்து தங்கள் பூக்களை விரிக்கின்றன. அவற்றினின்று உதிரும் ஆண்பூக்களும் மகரந்தப் பொடியும் கீழேயுள்ள முதற்குலையின் முட்களிற் சிக்கிக் கொள்கின்றன. நனைந்து வாடிய பூ பூஞ்சாணத்திற்கு ஏற்ற உணவு. அதிற் பற்றிய பூஞ்சாணம் அங்கிருந்து காய்க்குட் புகுதல் எளிது. வழுவழுப்பான காயில் இத்தகைய குப்பை தங்குவது அரிது. முள்ளில்லாத வகைகளும் முள் குறைந்த வகைகளும் இந்நோய்க்குக் குறைவாக இடங்கொடுக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தியாகும்.

குலையின் நெருக்கம்

குலையில் காய்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது. சில வகைகளிற் காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நெருங்கியிருக்கும். பார்ப்பதற்கு அழகாகவும் எடையுள்ளதாகவும் தோன்றும் அத்தகைய குலையையே குடியானவர்கள் விரும்பி விதைக்கு வைத்துக் கொள்கின்றனர். ஆனால் அதன் நடுவிற் காற்றுப் புகாது, வெயிலும் எட்டாது. ஒரு காயிற் பற்றிய பூஞ்சாண இழை அடுத்த காயைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை தூரமும் செல்ல வேண்டுவதில்லை.

காய்கள் இடைவிட்டுத் தளர்ந்து நிற்கும் குலையிலோ காற்று ஊடுருவி ஈரத்தை உலர்த்தி விடும். ஒரு காய் கெட்டாலும் அடுத்தது பிழைக்க வழியுண்டு. முள்ளில்லாமையும் தளர்ந்த குலையும் ஒரே செடியில் அமையுமாயின் அது மிக விரும்பத்தக்கது. முள்ளில்லாதிருந்தும் காய்கள் மிக நெருங்கியிருக்குமாயின், வழுவழுப்பால் வரும் நன்மை பெரும்பாலும் குறைந்து போகும்.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். இந்தியாவின் ஆமணக்கு விளைச்சலில் முக்காற் பங்கிற்கு மேல் குஜராத் மாகாணத்தில் விளைகின்றது. உலகத்தில் முதன்முதலாக வாணிபமுறையிற் பயிரிடப்பட்ட ஆமணக்கு வீரிய ஒட்டு வகையும் 1968-ஆம் ஆண்டில் அங்கேதான் வெளியாயிற்று. அங்கே காய் முற்றும் காலம் பெரும்பாலும் வறண்ட காலம். நீர்ப்பாசனத்தால் வேருக்கு ஈரமுண்டு, குலைக்கு ஈரமில்லை. ஆதலின் அங்கு நெருங்கிய நீண்ட குலை இலாபமே தரும். அதே குலை ஐப்பசி மழையில் நனையும் நம் பக்கத்துக் கொல்லையில் நஷ்டத்திற்கு வழியாகலாம். வேற்றிடத்தில் விளைந்த குலையின் நீளத்தைக் கண்டு மட்டும் விதை வாங்குவது விவேகமன்று. சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போன்ற அண்மை நிலையங்களில், நம் பருவத்திற்கு ஏற்றவையெனத் தேர்ந்த வகைகளைக் கேட்டறிந்து வாங்குதல் நலம்.

தோலினின்று ஊறும் சத்து

மேற்கூறிய மூன்றும் கண்ணுக்குப் புலனாகுபவை. புலனாகாத ஒன்றும் உண்டு. காய் நெடுநேரம் நனைந்திருக்கும்போது அதன் தோலினின்று சர்க்கரைச் சத்துச் சிறிதளவு நீரில் ஊறி வெளிப்படுகின்றது. அமெரிக்காவில் ஓரெல்லானா, தாமஸ் என்னும் இருவர் 1962-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, காயினின்று ஊறி வெளிவரும் சர்க்கரைக்கும் அவ்வகை நோய்க்கு இடங்கொடுப்பதற்கும் தொடர்பு உண்டெனக் காட்டினர். இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காண முடியாது. பூச்சும் முள்ளும் நெருக்கமும் ஒத்த இரு வகைகளுள் ஒன்று மற்றொன்றினும் மிகுதியாகக் கெடுமாயின், இத்தகைய உட்காரணம் இருக்கலாம். எனவே கண்ணாற் பார்த்துத் தேர்ந்த பின்னும், மழைக்காலத்தில் அவ்விதை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை ஓரிரு பருவம் சோதித்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஒரே கவசம் எல்லாப் பகைக்கும் உதவாது

மெழுகுப் பூச்சு நல்லதென்று கேட்டவுடன், மூன்று பூச்சு வகையே எல்லாவற்றிற்கும் மேலானதென்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பூச்சில்லாத வகைகளைத் தத்துப்பூச்சி மிகுதியாகத் தாக்கி இலையின் ஓரங்களைக் கருகச் செய்கின்றது. மூன்று பூச்சு வகைகளை அது அவ்வளவு தாக்குவதில்லை. ஆனால் வெள்ளை ஈயோ பூச்சுள்ள வகைகளையே மிகுதியாக நாடுகின்றது. ஒரு பகையைத் தடுக்கும் கவசம் மற்றொரு பகைக்கு இருப்பிடமாகின்றது. தத்துப்பூச்சி மிகுந்த ஊரில் ஒருவகையும் வெள்ளை ஈ மிகுந்த ஊரில் மற்றொரு வகையும் பொருந்தும். இரண்டும் உள்ள இடத்தில் இரட்டைப் பூச்சு வகைகளை விதைத்துப் பார்க்கலாம்.

மேற்றோலின் காவல் நோய்க்கு நோய் வேறுபடும் என்பதற்கு நிலக்கடலையும் சான்று. நிலக்கடலையில் டிக்கா நோயென வழங்கும் இலைப்புள்ளி நோயின் பூஞ்சாணங்கள், இலை மூச்சுவிடும் நுண்துளைகளின் வழியாகவும், தோலைத் துளைத்தும் உட்புகுகின்றன. 1957-ஆம் ஆண்டில் ஹெமிங்வே என்பவர், துளைகள் சிறியனவாகவும் இலையின் உள்ளடுக்கு தடித்ததாகவும் உள்ள கடலை வகைகளில் இந்நோய் குறைவதைக் கண்டார். ஆமணக்கின் முள் காயில் நீரைத் தேக்கி வாயிற்படியில் விருந்து வைக்கின்றது; கடலையின் துளையோ வாயிற்கதவையே திறந்து வைக்கின்றது எனலாம். வேரின் வழியாகப் புகும் வாடல் நோய்க்கு இலையின் பூச்சும் காயின் முள்ளும் யாதொரு தடையும் செய்வதில்லை என்பதையும் மறத்தல் கூடாது. வாடல் நோய் கண்ட நிலத்தில் அதனைத் தாங்கும் வகை எதுவென்று தனியே விசாரித்தல் வேண்டும்.

சாம்பல் பூசண நோய் சிறிதும் அணுகாத வகை என்று சொல்லத்தக்கது இதுவரை ஒன்றும் பயிருக்கு வரவில்லை. ஜுவாலா எனப்படும் 48-1 என்னும் வகை இந்நோயை ஓரளவு தாங்குவதாகக் கண்டுள்ளனர். தாங்கும் வகையும் அடைமழை பல நாள் நீடிக்குமாயின் ஓரளவு கெடும். பூச்சு மழையாலும், இலைகள் உராய்வதாலும் தேய்ந்து போகும். ஆதலின் விதைத் தேர்வுடன் பயிர்ப் பாதுகாப்பும் சேர்ந்தே நடைபெறல் வேண்டும்.

விதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆமணக்கின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் பறப்பது. ஆகவே ஒருவர் எவ்வளவு நல்ல விதை விதைத்தாலும், அண்டைக் கொல்லையிலும் வேலியிலும் முள்ளடர்ந்த நாட்டு ஆமணக்கு நிற்குமாயின், இரண்டொரு தலைமுறையிற் கலப்பு நேர்ந்துவிடும். முள்ளில்லாத பயிரினிடையே அரைகுறை முள்ளுடைய செடிகள் தோன்றுவது கலப்பிற்கு ஓர் அடையாளம். வீரிய ஒட்டு விதையாயின் அதன் விளைச்சலிலிருந்து மறுபடி விதை எடுத்தல் கூடவே கூடாது. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். சாதாரண இரகமாயின் கீழ்க்கண்ட முறையைக் கைக்கொள்ளலாம்.

1. விதைத்து ஒரு மாதம் ஆனபின், பூக்குமுன்பே, கொல்லையைச் சுற்றி வந்து தண்டின் நிறமும் பூச்சும் மற்றவற்றோடு ஒவ்வாத செடிகளைப் பிடுங்கி எறிக.

2. இளங்காயின் முள் தெரியத் தொடங்கியவுடன் மறுமுறை சுற்றி வந்து, முள்ளால் வேறுபடும் செடிகளை நீக்குக.

3. எஞ்சியவற்றுள் முள் குறைந்து, காய்கள் இடைவிட்டு நின்று, காயிலும் பூச்சுடைய செடிகளிற் சிலவற்றைத் தெரிந்து துணிநாடாக் கட்டி அடையாளம் செய்க.

4. கலப்பு நேராதிருக்க வேண்டுமாயின் அச்செடிகளின் குலையைப் பூ விரியுமுன் காகித உறையால் மூடிவைக்கலாம். காய் பிடித்தவுடன் உறையை எடுத்துவிட வேண்டும். மழையில் மூடியே வைப்பின் உறையே நோய்க்கு இடமாகும்.

5. மழை விட்ட மறுநாள் அடையாளம் செய்த குலைகளையும் மற்றவற்றையும் ஒப்பிட்டுக் கெட்ட காய்களை எண்ணிக் குறித்து வைக்க. குறைவாகக் கெட்ட செடியின் முற்றிய, தெளிந்த விதையையே மறு பருவத்திற்கு எடுத்து வைக்க.

குலையின் பருமனைக் கண்டு விதைக்கு எடுக்கும் வழக்கத்தை மாற்றி, மழைக்குப் பின் நின்ற குலையைக் கண்டு எடுப்பதே இதன் சாரம். வறண்ட ஆண்டிற் பெரிய குலையுடைய செடி எதுவென்று யாரும் அறிவர். ஈரமான ஆண்டிற் பிழைத்த செடி எதுவென்று குறித்து வைப்பவரே விதையின் உண்மைக் குணத்தை அறிந்தவராவர்.

பயிரிடுவதிற் கவனிக்க வேண்டுவன

ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழி ஆமணக்கிற்கும் பொருந்தும். முதற்குலை முற்றுவதற்கு ஏறக்குறைய 90 முதல் 110 நாள் வரை ஆகும். ஆனி நடுவில் விதைத்தால் புரட்டாசிக்குள் முதற்குலை பெரும்பாலும் முற்றிவிடும். ஆவணிக்குத் தள்ளிப் போட்டால், இளங்காய்ப் பருவம் வடகிழக்கு மழையின் நடுவில் அகப்பட்டுக் கொள்ளும். மானாவாரிப் பயிரில் முதற்குலையே வருமானத்திற் பெரும்பங்கு தருவதாகலின் அதனைக் காப்பது முக்கியம்.

வரிசைக்கு வரிசை மூன்றடிக்குக் குறையாமல் இடைவெளி விடுதல் நலம். இடைவெளி குறைந்தால், தளர்ந்த குலையுடைய வகையும் இலைகளின் நெருக்கத்தால் நெடுநேரம் ஈரமாகவே நிற்கும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இடுவதும் அவ்வாறே இலையை மிகுவித்துக் காற்றைத் தடுக்கும்.

நோய் கண்ட குலைகளை மழை விட்டவுடன் அறுத்து, கூடையிலிட்டுக் கொல்லைக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். அறுத்ததை வரப்பிற் போடுதல் நோயை வளர்ப்பதாகும். குலை அறுத்த செடிக்குச் சிறிது தழைச்சத்து மேலுரமாக இட்டால், பக்கக் கிளைகளின் குலைகள் ஊக்கம் பெற்று இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். அறுவடைக்குப் பின் சருகுகளை அகற்றிக் கோடையில் ஆழ உழுதல், அடுத்த ஆண்டு அந்நிலத்திற் சிறுதானியம் முதலியவற்றை மாற்றி விதைத்தல் ஆகியவையும் நன்மை தரும்.

மருந்து தெளிக்க வேண்டுமாயின், வானிலை அறிக்கையில் அடைமழை அறிவிக்கப்பட்டவுடன், மழைக்கு முன்பே தெளித்தல் வேண்டும். கார்பன்டாசிம் 50 சதவீத நனையும் தூளை லிட்டர் நீருக்கு 1 கிராம் வீதம் கலந்து தெளிப்பது நெடுநாளாகப் பரிந்துரைக்கப்பட்டு வருவது. அப்போதைய விதிகளையும் அளவையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்தே வாங்க வேண்டும். ஒன்றை மறத்தல் கூடாது: மழைநீரை உருட்டிவிடும் மெழுகு, மருந்து நீரையும் உருட்டிவிடும். ஆகையால் பூச்சுள்ள வகைகளுக்குத் தெளிக்கும்போது ஒட்டு திரவம் சேர்த்து, மெல்லிய பனிபோலத் தெளிக்க வேண்டும். பெருந்துளியாகத் தெளித்த மருந்து தரையிலேயே போய்ச் சேரும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

இந்நோய் காற்றிற் பரவுவது. விதைக் கலப்பும் காற்றினாலேயே நேர்வது. ஆகவே ஒரு குடியானவர் தனித்துச் செய்யும் முயற்சி பாதிப்பயனே தரும். ஒரு குக்கிராமத்தார் யாவரும் கூடி ஒரே வகையை விதைக்க ஒப்புவார்களாயின் கலப்பு மிகவும் குறையும். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் விதைப்புக்கு முன்னரே இவ்விஷயத்தைப் பேசி முடிவு செய்ய உதவலாம்.

பொதுநிலம், ஏரிக்கரை, சாலையோரம், குப்பைமேடு ஆகியவற்றில் தானாக முளைத்த ஆமணக்குச் செடிகளை வைகாசிக்குள் வெட்டி அகற்றச் செய்தல் வேண்டும். நோயின் பழைய வித்தும் கலப்பு மகரந்தமும் அங்கிருந்தே பெரும்பாலும் வருகின்றன. நோய் கண்டால், எந்தப் பகுதியில், எந்த வகையில், எத்தனை ஏக்கரில், எந்தத் தேதி மழைக்குப் பின் கண்டது என்பதைக் குறித்து வேளாண்மை அலுவலருக்குத் தெரிவித்தல் நலம். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகளின் குறிப்புகள் சேருமாயின், அவ்வூருக்கு ஏற்ற வகை எதுவென்பது அவ்வூரிலிருந்தே தெளிவாகும்.

ஆமணக்கு எண்ணெய்க்கு உலகச் சந்தையில் இன்றும் தேவை உண்டு. உலகிற் பெரும்பங்கு இந்தியாவிலேயே விளைகின்றது. அவ்வருவாயில் நம் மானாவாரிக் குடியானவர்களும் பங்கு பெற வேண்டுமாயின், ஐப்பசி மழையில் குலை நிற்க வேண்டும். இவ்வாண்டு விதை வாங்கும்முன் அதன் காய்க்கு முள் உண்டா, குலை நெருக்கமா தளர்வா, காயிற் பூச்சு உண்டா என்னும் மூன்று கேள்விகளை விற்பவரிடம் கேட்டு, இயலுமாயின் நின்ற பயிரையே நேரிற் சென்று பார்த்து வாங்குவார்களாக. கேட்பதற்குச் செலவில்லை; கேளாதிருப்பதற்கோ ஒரு பருவத்து விளைச்சலே விலையாகக் கூடும்.